ஒரே நம்பிக்கை இல்லாதவர்கள் ஒன்றாக அமர்வது எதற்கு?

கேள்வியின் சாரம் இது: பிறந்த மதத்தின் மீதிருந்த பற்று சில ஆண்டுகளாகத் தளர்ந்துவிட்டது, வழிபாட்டுக்குப் போவதை நிறுத்தியபோது, மனம் ஒப்பாத வார்த்தைகளை இனி வாயால் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி வந்தது, ஆனால் குடும்பத்தில் ஒரு மரணம் நேர்ந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார ஆளில்லாமல் போனது அப்போதுதான் உறைத்தது. எல்லா மதத்தாரையும் மதமற்றவரையும் ஒருசேர ஏற்கும் பரந்த நோக்குடைய ஆன்மிகக் கூடுகைகளில் நம்பிக்கையும் மீண்டெழும் ஆற்றலும் உறவும் கிடைக்கும் என்கிறார்களே, அது உண்மையா, அல்லது படித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை நடத்தும் பேச்சு மன்றமா?

கிடைக்கும் என்பதே என் பதில். ஆனால் உரை கேட்டுவிட்டு எழுந்து போகிறவருக்கு மிகக் குறைவாகவும், நாற்காலி எடுத்துப் போட முன்வருகிறவருக்கு மிக அதிகமாகவும் கிடைக்கும். ஏன் அப்படி என்பதை விளக்க, முதலில் உங்கள் கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்.

தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல் குறைந்தது மூன்று வேலைகளைச் செய்கிறது. கடவுள் உண்டு என்று ஏற்பது நம்பிக்கை. நாளை நன்றாக விடியும் என்று காத்திருப்பதும் நம்பிக்கை. இந்த மனிதர் கைவிடமாட்டார் என்று சாய்ந்துகொள்வதும் நம்பிக்கை. விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் இந்த நெருக்கடியை நேரடியாகச் சந்தித்தார்கள். சீர்திருத்தச் சபையினரின் பழைய மொழிபெயர்ப்பு 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று பிரித்தது. திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்போ முதலாவதையே 'நம்பிக்கை' என்று வைத்துக்கொண்டு, இரண்டாவதற்கு 'எதிர்நோக்கு' என்ற சொல்லைத் தேர்ந்தது. இது மொழிபெயர்ப்பாளரின் சிக்கல் மட்டும் என்று நான் கருதவில்லை. முதல் நம்பிக்கை போனால் மற்ற இரண்டும் கூடவே போய்விடும் என்று நாம் அறியாமலே எண்ணிக்கொள்கிறோம். 'எனக்கு நம்பிக்கை போய்விட்டது' என்று சொல்லும் பலர் எது போயிற்று என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நீங்கள் கேட்கும் கூடுகைகளின் அடிப்படை இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. முதலாவதை ஒவ்வொருவரின் மனசாட்சிக்கும் விட்டுவிட்டு, மூன்றாவதைக் கூட்டாக வளர்த்தால் இரண்டாவது பிழைத்துக்கொள்ளும் என்பது அவற்றின் துணிபு.

இது நேற்று முளைத்த எண்ணமுமில்லை. இன்றைய ருமேனியாவில் உள்ள டிரான்சில்வேனியாவில் 1568ஆம் ஆண்டு தோர்தா என்ற ஊரில் கூடிய அவை, போதகர்கள் தாம் புரிந்துகொண்டபடி போதிக்கலாம் என்றும், சமயத்தின் பொருட்டு எவரும் இழிவுபடுத்தப்படலாகாது என்றும் ஆணை பிறப்பித்தது. அந்த ஆணை எல்லாச் சமயங்களையும் ஒரேபோல் அணைக்கவில்லை. ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களும் யூதர்களும் அதன் முழுப் பாதுகாப்புக்கு வெளியேதான் நின்றார்கள். ஆனாலும், மாற்றுக் கருத்துக்காக மனிதர்களைக் கட்டி வைத்து எரித்த நூற்றாண்டு அது. 1553இல், தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் மும்மைக் கோட்பாட்டை மறுத்த மிகேல் செர்வெத்தசை ஜெனீவாவில் எரித்தார்கள். தோர்தா ஆணைக்குப் பின்னால் நின்ற போதகர் பெரென்ஸ் டாவிட், அரசர் மாறியதும் புதுமை புகுத்திய குற்றத்துக்காகச் சிறையிடப்பட்டு 1579இல் அங்கேயே இறந்தார். ஒரேபோல் நேசிக்க ஒரேபோல் சிந்திக்க வேண்டியதில்லை என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் எங்கும் வலம் வருகிறது. அது அவர் எழுத்தில் இல்லை. ஆனால் மும்மையை ஏற்காமல் கடவுள் ஒருவரே என்று தொடங்கிய, அவர் வழிவந்த யூனிட்டேரியன் சபைகள் அந்த வாசகத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டதில் வியப்பில்லை.

நம் பக்கத்துக் கதையும் பழையதே. வேலைக்காரராக இங்கிலாந்து சென்று, அங்கே யூனிட்டேரியன் நூல்களைப் படித்துத் திரும்பிய வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் 1795இல் சென்னையில் ஒரு யூனிட்டேரியன் சபையைத் தொடங்கினார். எந்த வெளிநாட்டு மிஷனும் அனுப்பி வைக்காமல், ஒரு தமிழர் தாமே படித்துத் தாமே தேர்ந்து அமைத்த சபை அது. கல்கத்தாவில் ராம்மோகன் ராய் 1828இல் பிரம்ம சபையை நிறுவினார். இன்றைய மேகாலயாவின் காசி, ஜெயிந்தியா மலைப் பகுதியில் ஹாஜொம் கிஸ்ஸோர் சிங் 1887 செப்டம்பர் 18 அன்று ஜோவாயில் நடத்திய முதல் யூனிட்டேரியன் வழிபாட்டின் வழிவந்த சபைகள் இன்றும் இருக்கின்றன. வடலூர் வள்ளலார் 1865இல் தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே 'சமரச' என்ற சொல் இருந்தது. இன்று பேச்சுவழக்கில் சமரசம் என்றால் விட்டுக்கொடுத்துச் சமாளிப்பது என்றாகிவிட்டது; அவர் கையாண்ட பொருள் அதுவன்று, எல்லா நெறிகளையும் வேறுபாடின்றிச் சமமாகப் பார்க்கும் பார்வை. அதே சமயம், வள்ளலாரின் நெறி ஒரே இறைவன் மீதான உறுதியையும் புலால் மறுத்தலையும் கண்டிப்பாகக் கேட்டது. ஆகவே அதை இன்றைய யூனிட்டேரியன் சபையோடு ஒரே தராசில் வைப்பது பொருந்தாது. ஆனால் ஒரு பாடம் அங்கே இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

அமெரிக்காவில் 1825இல் அமைந்த யூனிட்டேரியன் சங்கமும், எவருக்கும் நிரந்தர நரகம் இல்லை என்று போதித்துவந்த யூனிவர்சலிஸ்ட் சபையும் 1961இல் இணைந்தன. இன்று 'தாராள சமயம்' என்ற பெயரில் பேசப்படுவதில் பெரும்பகுதி இந்த இணைப்பிலிருந்து வந்தது. இவர்களுக்கு விசுவாச அறிக்கை கிடையாது; உடன்படிக்கை உண்டு. எதை நம்புவோம் என்று ஒப்பமிடாமல், ஒருவரையொருவர் எப்படி நடத்துவோம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். 1985 முதல் ஏழு கோட்பாடுகள் என்ற வடிவில் இருந்த இந்தப் பொது ஒப்புதல், 2024இல் அன்பை நடுவில் வைத்து, ஒன்றையொன்று சார்ந்திருத்தல், பன்மை, நீதி, மாற்றம், ஈகை, சமத்துவம் ஆகிய விழுமியங்களாகத் திருத்தி எழுதப்பட்டது. 'அங்கே எதை வேண்டுமானாலும் நம்பலாம்' என்று சிலர் கேலியாகவும் சிலர் ஆசையாகவும் சொல்வார்கள். உண்மையில், பிறரை இழிவுபடுத்தும் உரிமையை நீங்கள் அங்கே விட்டுக்கொடுக்க வேண்டும். சிலருக்கு அது கடவுளை ஒப்புக்கொள்வதைக் காட்டிலும் கடினமாக இருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் அங்கே நடப்பதென்ன? பெரும்பாலும் ஒரு கிண்ணத்தில் சுடர் ஏற்றுவதோடு தொடங்குகிறது. இந்தச் சின்னத்தின் பிறப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: நாஜிகளிடமிருந்து தப்பி ஓடியவர்களைக் காப்பாற்றும் பணியில் இருந்த யூனிட்டேரியன் சேவைக் குழுவுக்காக, தாமும் அகதியான ஹான்ஸ் டாய்ச் என்ற ஆஸ்திரிய ஓவியர் 1941இல் வரைந்து கொடுத்தது அது. ஆவணங்களில் முத்திரையாகப் பதிக்க ஒரு குறி தேவைப்பட்டது. அந்தக் குறிதான் பின்னாளில் வழிபாட்டுப் பொருளாயிற்று. சுடருக்குப் பிறகு பாட்டு, வாசிப்பு, சிறிது நேர மௌனம், உரை. இவற்றை நான் விரைந்து கடக்கிறேன், ஏனென்றால் உரை நன்றாக இருந்தால் மகிழ்ச்சி, மோசமாக இருந்தாலும் குடி முழுகிவிடாது.

நான் நின்று பேச விரும்புவது 'மகிழ்ச்சிகளும் துயரங்களும்' என்ற பகுதியைப் பற்றி. விரும்புகிறவர் எழுந்து வந்து ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, தம் வாழ்க்கையில் நடந்த ஒன்றை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறார். மகளுக்கு வேலை கிடைத்தது. தந்தைக்கு நினைவு தப்பிவருகிறது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. குடிப்பதை நிறுத்தி நூறு நாள் ஆகிறது. யாரும் பதில் சொல்வதில்லை, ஆறுதல் மொழி கிடையாது, 'எல்லாம் நன்மைக்கே' என்று தோளைத் தட்டுவது அறவே கிடையாது. அடுத்தவர் எழுந்து வருகிறார். முதன்முறை பார்க்கிறவருக்கு இது வறட்சியாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது. சில வாரங்கள் போன பிறகுதான் அந்தப் பதிலற்ற தன்மையின் அருமை புரிந்தது. துயரத்துக்கு உடனே காரணம் கற்பித்துவிட வேண்டும் என்ற அவசரம் அங்கே இல்லை. ஊழ் என்றோ சோதனை என்றோ அதற்குப் பெயர் வைக்காமல், அது நடந்தது என்பதை மட்டும் ஐம்பது பேர் சேர்ந்து ஒப்புக்கொள்கிறார்கள். வழிபாடு முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில், அறுவை சிகிச்சை என்று சொன்னவரிடம் யாரோ ஒருவர் போய், எந்த நாள், யார் கூட வருகிறார்கள் என்று கேட்பார். அந்த இரண்டாவது பகுதி இல்லாவிட்டால் முதலாவது வெறும் சடங்காகிவிடும்.

இதற்கு நேர்மாறான அழகு குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரிடம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அவர்களின் முன்னோடி ஜார்ஜ் ஃபாக்ஸின் காலத்திலிருந்து வரும் அவர்களின் மௌனக் கூட்டத்தில் போதகரும் இல்லை, நிகழ்ச்சி நிரலும் இல்லை. உள்ளிருந்து சொல்லத் தூண்டப்படுகிறவர் எழுந்து சொல்வார், ஒரு மணி நேரம் யாருமே பேசாமல் கலைவதும் உண்டு. அவர்களிடம் 'தெளிவுக் குழு' என்ற வழக்கம் ஒன்று இருக்கிறது. ஒருவர் பெரிய முடிவு ஒன்றின் முன் திகைத்து நிற்கும்போது, தாம் நம்பும் ஐந்தாறு பேரை அழைத்து உட்கார வைத்துக்கொள்கிறார். அவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது, தம் அனுபவத்தைச் சொல்லக் கூடாது, கேள்வியின் வேடத்தில் யோசனையை நுழைக்கவும் கூடாது; அவரே தம் மனத்தைக் கேட்க உதவும் நேர்மையான கேள்விகளை மட்டும் கேட்கலாம். இதை ஒரு முறை நடத்திப் பார்த்தவருக்கு, நாம் எவ்வளவு கேள்விகளை அறிவுரையாகவே கேட்கிறோம் என்பது வெட்கத்தோடு புலப்படும்.

இனி, நன்மை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம். சேயூன் லிம், ராபர்ட் பட்னம் என்ற இரு அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரை உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. சமய வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவோடு இருக்கிறார்கள் என்பது முன்பே தெரிந்த செய்தி. ஏன் என்பதை இவர்கள் தோண்டினார்கள். வாரந்தோறும் போவதோடு, அந்தச் சபையிலேயே மூன்று முதல் ஐந்து நெருங்கிய நண்பர்களும் உள்ளவர்களில் 33 விழுக்காட்டினர் தம் வாழ்க்கையில் மிகுந்த நிறைவு உண்டு என்றார்கள். வாரந்தோறும் போயும் அங்கே நெருங்கிய நண்பர் ஒருவரும் இல்லாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 19 விழுக்காடு; ஒருபோதும் போகாதவர்களின் அளவும் ஏறத்தாழ அதுவே. தனியாகச் செய்யும் பிரார்த்தனையும், கடவுளின் அன்பை உணர்கிறேன் என்ற உணர்வும், நட்பின் பங்கைக் கணக்கில் எடுத்த பிறகு தனியே பெரிதாக எதையும் கூட்டவில்லை. கடவுளை நம்புகிறவர் இதைப் படித்து வருந்த வேண்டியதில்லை; நிறைவு என்ற ஒன்றைத்தான் அந்த ஆய்வு அளந்தது, வழிபாட்டின் நோக்கம் முழுவதையும் அன்று. ஆனால் உங்களைப் போல நம்பிக்கை தளர்ந்தவருக்கு இதில் ஒரு திறப்பும் ஓர் எச்சரிக்கையும் இருக்கின்றன. பின்வரிசையில் அமர்ந்து, முதல் ஆளாக எழுந்து போகிறவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

உடல்நலம் பற்றியும் ஒன்று உண்டு. அமெரிக்கச் செவிலியர்கள் 74,534 பேரைப் பதினாறு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குச் சென்ற பெண்களிடையே இறப்பு விகிதம், ஒருபோதும் செல்லாதவர்களைவிட 33 விழுக்காடு குறைவாக இருந்தது. இதைக் காட்டி 'கோவிலுக்குப் போனால் ஆயுள் கூடும்' என்று முழங்குகிறவர்களோடு நான் சேர மாட்டேன். இது பெரும்பாலும் கிறித்தவர்களான பெண்களைப் பற்றிய அவதானிப்பு ஆய்வு, போகிறவர்களும் போகாதவர்களும் வேறு வகைகளிலும் வேறுபடக்கூடும் என்று ஆய்வாளர்களே கணக்குகளில் ஈடு செய்ய முயன்றிருக்கிறார்கள். அந்தச் செவிலியர்களுக்கும் தாராள சமயத்துக்கும் நேரடித் தொடர்பும் இல்லை.

எனக்குப் பிடித்தது இன்னொரு சிறிய ஆய்வு. 2015இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள், ஏழு மாதம் நடந்த வயதுவந்தோர் வகுப்புகளை ஒப்பிட்டார்கள்: சிலவற்றில் பாட்டு, மற்றவற்றில் கைவினை அல்லது படைப்பெழுத்து. முதல் மாதத்திலேயே பாட்டு வகுப்பினர் ஒருவரோடொருவர் வேகமாக நெருங்கிவிட்டார்கள். ஏழாம் மாத முடிவில் மற்ற வகுப்பினரும் அதே நெருக்கத்தை எட்டியிருந்தார்கள். கூடிப் பாடுவது அறிமுகமில்லாதவர்களுக்கு இடையிலான பனியை விரைவாக உருக்குகிறது. மற்றதைக் காலம் செய்கிறது. ஆகவே பாட்டு வராது என்று கூச்சப்பட வேண்டாம், இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம்.

மீண்டெழும் ஆற்றல் என்பதைத் தனிமனிதரின் நெஞ்சுரமாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். கூட்டங்களின் வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. ப்ராக் நகரில் நோர்பெர்ட் சாபெக் என்ற யூனிட்டேரியன் போதகர், பழைய சமயச் சடங்குகளிலிருந்து மனம் விலகி வந்த தம் சபையார் ஏற்கக்கூடிய ஒரு சடங்கைத் தேடி, 1923இல் ஒரு மலர் வழிபாட்டை அமைத்தார். ஒவ்வொருவரும் ஒரு பூவைக் கொண்டுவந்து பொதுக் குடுவையில் வைக்க வேண்டும். போகும்போது வேறொருவர் கொண்டுவந்த பூவை எடுத்துச் செல்ல வேண்டும். அவ்வளவுதான். அவரை நாஜிகள் 1941இல் கைது செய்து 1942இல் கொன்றார்கள். அந்த எளிய சடங்கு அவர் மனைவி மாயாவோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்து, இன்று பல நாடுகளில் ஆண்டுதோறும் நடக்கிறது. கோட்பாட்டு நூல்களைச் சுமந்து எல்லை கடப்பது கடினம். பூ கொடுத்துப் பூ வாங்கும் பழக்கத்தை எந்தச் சோதனைச் சாவடியில் பறிமுதல் செய்வது?

இன்னொன்று அண்மைக் காலத்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாக்ஸ்வில் நகர யூனிட்டேரியன் யூனிவர்சலிஸ்ட் சபையில், 2008 ஜூலை 27 அன்று குழந்தைகள் இசை நாடகம் நடித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சபையின் தாராளக் கொள்கைகளை வெறுத்த ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து சுட்டான். இருவர் இறந்தார்கள்; அவர்களில் ஒருவர் மற்றவர்களை மறைத்து முன்னால் நின்றவர். சபையினரே பாய்ந்து அவனைப் பிடித்தார்கள். மறுநாள் பக்கத்திலிருந்த பிரஸ்பிட்டேரியன் தேவாலயம் கதவைத் திறந்துவிட, ஊர் அங்கே கூடியது. கூட்டத்தின் முடிவில் அந்தக் குழந்தைகள், முந்தைய நாள் பாடி முடிக்க முடியாமல் போன நாடகத்தின் பாட்டைப் பாடினார்கள். யாரும் அவர்களுக்கு இது ஏன் நடந்தது என்று விளக்கியிருக்க முடியாது. விளக்கம் இல்லாமலே, அடுத்த நாளே, கொள்கையில் தம்மிடமிருந்து விலகி நிற்கும் அண்டைச் சபையின் கூரைக்கடியில் எழுந்து நிற்க முடிந்தது. நான் மீண்டெழுதல் என்று புரிந்துகொள்வது இதைத்தான்.

பெருந்துயரங்கள் அபூர்வம். நாள்தோறும் தேவைப்படுவது சின்ன ஏற்பாடுகள். நன்றாக நடக்கும் சபைகளில் பராமரிப்புக் குழு என்று ஒன்று இருக்கும்: பிள்ளை பெற்ற வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் முறைவைத்து உணவு போகும், மருத்துவமனைக்கு அழைத்துப் போக வண்டி வரும். எட்டுப் பத்துப் பேர் மாதம் ஒன்றிரண்டு முறை கூடும் சிறுகுழுக்கள் இருக்கும். அங்கே ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்பார்கள், விவாதம் கிடையாது. ஒரு சபை உங்களுக்கு ஏற்றதா என்று அறிய நான் சொல்லும் வழி, அதன் கொள்கைப் பக்கத்தைப் படிப்பதைவிட, இந்த இரண்டும் அங்கே உண்டா என்று கேட்பது.

பலவீனங்களை மறைத்தால் இந்தப் பதில் விளம்பரமாகிவிடும். முதலாவது, இச்சபைகள் பெரும்பாலும் சிறியவை, வளராதவை. கண்டிப்பான சமயக் குழுக்கள் ஏன் வலுவாக நிற்கின்றன என்பதை 1970களிலிருந்தே சமூகவியலாளர்கள் விவாதித்து வருகிறார்கள். நிறையக் கேட்கும் குழு, அரைமனத்தோடு வருகிறவர்களை வாசலிலேயே வடிகட்டிவிடுகிறது, எஞ்சுகிறவர்கள் எல்லாம் உழைக்கிறவர்களாக இருக்கிறார்கள் என்பது பொருளியலாளர் லாரன்ஸ் ஐயனகோனியின் வாதம். இந்த வாதத்தில் எனக்குப் பிடிக்காத பல இருந்தாலும், அதன் நடுவில் உள்ள உண்மையைத் தள்ள முடியவில்லை. எதையும் கேட்காத சபை எதையும் தர முடியாமல் போகும். இங்கேதான் வடலூரின் பாடம் வருகிறது. வள்ளலார் 1867இல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சத்திய ஞானசபை அதற்கு ஐந்தாண்டு கழித்து 1872இல்தான் எழுந்தது. தத்துவத்துக்குக் கட்டடம் வருவதற்கு முன்பே சோற்றுக்கு அடுப்பு வந்துவிட்டது. அந்த அடுப்பை அணையாமல் காக்க நாள்தோறும் யாராவது விறகு வைக்க வேண்டும், அரிசி களைய வேண்டும். தலைமுறை தலைமுறையாக மனிதர்களைக் கட்டிப்போட்டது அந்த வேலை. தாராள சபைகள் கொள்கையில் தாராளமாக இருக்கட்டும். வேலையில் தாராளம் காட்டினால் கரைந்துவிடும்.

லண்டனில் 2013 ஜனவரியில் இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள் கடவுளில்லாத ஞாயிறு கூட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பாட்டு, உரை, மௌனம், தேநீர் எல்லாம் இருந்தன; சில ஆண்டுகளிலேயே பல நாடுகளில் கிளைகள் முளைத்தன, பிறகு அவற்றில் பல மூடப்பட்டன. கடவுள் இல்லாததுதான் காரணம் என்று ஆத்திகர்கள் சொல்வார்கள். வாடகை, தொண்டர்களின் சோர்வு, தவறாமல் வர வேண்டும் என்ற கட்டாயமின்மை ஆகியவற்றையே நான் முதலில் பார்ப்பேன். நியூயார்க்கில் ஃபீலிக்ஸ் ஆட்லர் 1876இல் தொடங்கிய நன்னெறிப் பண்பாட்டுச் சங்கமும் கடவுள் நம்பிக்கையை அடிப்படையாகக் கொள்ளாததுதான்; ஆனால் அது தொடக்கத்திலேயே ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாத மழலையர் பள்ளியும், வீடு தேடிச் செல்லும் செவிலியர் பணியும் நடத்தியது; இன்றும் இருக்கிறது.

இரண்டாவது பலவீனம் பேச்சு. படித்த நடுத்தர வகுப்பினர் நிறைந்த சபைகளில், தாம் எதை நம்பவில்லை என்று விவரிப்பதே வழிபாடாகிவிடும் அபாயம் உண்டு. பழைய மதத்தில் காயப்பட்டு வந்தவர்களுக்குச் சில மாதங்கள் அது தேவைதான்; பத்து ஆண்டு கழித்தும் அதையே பேசிக்கொண்டிருக்கும் குழுவில் துக்கத்தோடு வரும் புதியவருக்கு இடமிருக்காது. அவர் வேறு வகுப்பினராகவோ, வேறு மொழி பேசுகிறவராகவோ இருந்தால் இன்னும் சிரமம். எல்லோரையும் ஏற்கிறோம் என்று வாசலில் எழுதிவைத்துவிட்டு, உள்ளே ஒரே வகை மனிதருக்கான நகைச்சுவையும் ஒரே வகைப் புத்தகமும் மட்டும் புழங்கும் இடங்கள் உண்டு. மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கணக்குக் காட்டாத, ஒரே ஒருவரின் ஆளுமையைச் சுற்றிச் சுழலும், விலகிச் சென்றவரைத் தூற்றும் குழு எவ்வளவு பரந்த சொற்களைப் பேசினாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் நிலையில் நான் என்ன செய்வேன் என்று கேட்டால், ஒரே இடத்துக்கு ஆறு முறையாவது தொடர்ந்து போவேன். முதல் முறையின் வியப்பையும் இரண்டாம் முறையின் ஏமாற்றத்தையும் நம்பமாட்டேன். மூன்றாம் வாரம் ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வேன், அது பாடல் புத்தகம் அடுக்குவதாக இருந்தாலும் சரி. வேலை இருக்கிறவர் வராவிட்டால் தெரியும். தெரிந்தால் யாராவது விசாரிப்பார்கள். நம்மைத் தேட ஓர் ஆள் இருப்பது என்று நாம் சொல்வோமே, அது பெரும்பாலும் இவ்வளவு சாதாரணமான வழியில்தான் நேர்கிறது. பிறகு சிறுகுழு ஒன்றில் சேர்வேன். கையில் இருப்பதற்கு ஏற்ற ஒரு சிறு தொகையை மாதந்தோறும் கொடுப்பேன், ஏனென்றால் கொடுக்காத இடத்தை நாம் நம்முடையதாக எண்ணுவதில்லை.

அருகில் அப்படி எதுவும் இல்லையென்றால் நீங்களே தொடங்கலாம். ஆறு பேர் போதும். மாதத்தில் இரண்டு நாளை முன்கூட்டியே குறித்து, ஒருவர் வந்தாலும் நடத்துவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒரு சுடரும் சிறிது மௌனமும், பிறகு ஒவ்வொருவரும் தம் இரண்டு வார வாழ்க்கையைக் குறுக்கீடின்றிச் சொல்ல ஐந்து நிமிடமும், படித்துக் கேட்க ஒரு பக்கமும் இருந்தால் ஒரு மாலைக்குத் தாராளம். இங்கே பேசியது வெளியே போகாது, கேட்காமல் அறிவுரை சொல்வதில்லை, ஒருவரின் கடவுளையோ கடவுளின்மையையோ திருத்த முயல்வதில்லை என்ற மூன்றையும் முதல் நாளே எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குள் குழுவுக்கு வெளியே உள்ள யாருக்காவது பயன்படும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாத குழு தன் மனநிலையையே தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மரணத்துக்குப் பிறகான துக்கம் வாரக்கணக்கில் தூக்கத்தையும் உணவையும் குலைத்தாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ, முதலில் போக வேண்டிய இடம் மருத்துவர் அல்லது மனநல ஆலோசகர். நல்ல சபையாக இருந்தால் அவர்களே உங்களை அங்கே அழைத்துப் போவார்கள்.

பிரார்த்தனை நேரத்தில் நம்பாத நான் என்ன செய்வது என்றும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு யாருடைய பெயரையாவது நினைத்திருக்கலாம். திறந்து வைத்துக்கொண்டும் இருக்கலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. மகிழ்ச்சிகளும் துயரங்களும் பகுதியில் எழுந்து பேச முதல் நாளே தைரியம் வராது, வர வேண்டியதுமில்லை. பல சபைகளில் எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, நடத்துகிறவர் கடைசியாக ஒரு மெழுகுவர்த்தியைத் தாமே ஏற்றுவார். சொல்லப்படாதவற்றுக்கானது என்று சொல்லிவிட்டு அதையும் மற்றவற்றோடு வைப்பார். அன்றைக்கு அது உங்களுடையது.